தூரிகை நுனியில் நம் கடையின் நாணயம்



அரிசி மண்டிக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே ரகம் சொல்லிவிடுவார். பருத்தி வியாபாரி இழையைப் பிரித்துப் பார்த்து விலை சொல்வார். மளிகைக்காரருக்குப் பெருங்காயத்தின் தரம் மூக்கிலேயே தெரியும். தாம் விற்கும் சரக்கைத் தாமே சோதித்து வாங்குவதுதான் நம் முன்னோர்கள் காட்டிய வணிக முறை. ஆனால் ஸ்டேஷனரி, ஓவியப் பொருள் விற்பனையில் இருக்கும் நாம் தூரிகையை எப்படிக் கொள்முதல் செய்கிறோம்? ஏஜெண்ட் கொண்டு வரும் அட்டையைப் பார்க்கிறோம். காம்பில் பொன் எழுத்தில் 'சேபிள்' என்று அச்சடித்திருந்தால் சேபிள் என்றே நம்பி டஜன் கணக்கில் வாங்கி வைக்கிறோம். நாம் நம்பிய பொய்யையே வாடிக்கையாளருக்கும் விற்கிறோம்.

நுண்ணோவியம் வரைபவர்கள் கேட்டு வாங்கும் சேபிள் தூரிகையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். 'இது ஆண்டுக்கு நாலு டஜன் விற்கும் சரக்கு, இதற்கு ஒரு கட்டுரையா?' என்று சிலர் நினைக்கலாம். ஒரு கடையின் நாணயம் பெரும்பாலும் குறைவாக விற்கும் சரக்கில்தான் சோதிக்கப்படுகிறது என்பது என் அனுபவம்.

என் கடையில் நடந்தது

2008-ஆம் ஆண்டு வெளியூர் ஏஜெண்ட் ஒருவர் ஒரு கட்டுத் தூரிகை கொண்டு வந்தார். பில் கிடையாது, ரொக்கம் மட்டும். "ஒரிஜினல் சேபிள், பாதி விலை" என்றார். ஆசை யாரை விட்டது? பத்து டஜன் வாங்கினேன்.

பதினைந்து ஆண்டுகளாக என்னிடம் வாங்கி வந்த தஞ்சாவூர் ஓவியர் ஒருவருக்கு அதில் பூஜ்ஜியம் எண் தூரிகை இரண்டு கொடுத்தேன். எட்டாம் நாள் அவர் ஒரு பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். வெண்ணெய்க் கிருஷ்ணர் படம். தங்க ரேக்கும் கல்லும் பதித்து வேலை முடிந்து, முகம் மட்டுமே பாக்கி. கண் எழுதும்போது தூரிகையின் நுனி இரண்டாகப் பிளந்து இமைக்கோடு இரட்டைக் கோடாக விழுந்திருந்தது. உதிர்ந்த முடி ஒன்று கருவிழியின் மேல் வண்ணத்தோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அதை எடுக்கப் போய்க் கன்னத்து வண்ணமும் பெயர்ந்துவிட்டது. பல வார உழைப்பு வீணாயிற்று.

பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தேன். அவர் வாங்கவில்லை. "பணம் கிடக்கட்டும் தம்பி. அட்டையைப் பார்த்து நான் வாங்கலே. நீங்க சொன்னீங்கன்னுதான் வாங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு அவர் என் கடைப் படி ஏறவில்லை.

அன்று இரவு மீதியிருந்த தூரிகைகளைப் பிரித்துப் பார்த்தேன். சிலவற்றில் சாயம் ஏற்றிய மாட்டு முடி, சிலவற்றில் நைலான் கலப்பு. இன்னும் சிலவற்றில் இருந்தது கீரி முடி என்பது விவரம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அதை எழுதிக் கொடுத்து வனத்துறையிடம் ஒப்படைத்தேன். பாதி விலைக்கு வாங்கிய சரக்கில் முழு முதலும் போயிற்று, ஒரு நல்ல வாடிக்கையாளரும் போனார். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

பெயரில் உள்ள குழப்பம்

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சேபிள் தூரிகை, சேபிள் என்ற விலங்கின் முடியால் செய்யப்படுவதில்லை. ரஷ்யக் கம்பளி அங்கிகளுக்குப் பேர் போன சேபிள் வேறு விலங்கு. உயர்ந்த ரகத் தூரிகைக்குப் பயன்படுவது சைபீரியாவிலும் வட சீனப் பகுதிகளிலும் வாழும் ஒரு வகை வீசலின் வால் முடி. கீரியைப் போல நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட சிறு விலங்கு அது. வணிக வழக்கில் அந்த முடிக்குக் 'கோலின்ஸ்கி' என்று பெயர். வேறு வீசல் இனங்களின் முடி 'ரெட் சேபிள்' என்று விற்கப்படும். அதுவும் நல்ல சரக்குதான், ஆனால் கோலின்ஸ்கியின் துள்ளல் அதில் இருக்காது.

'சேபலின்' என்று ஒன்று வரும். பெயர் மட்டும்தான் சேபிளைப் போல, உள்ளே இருப்பது சாயம் ஏற்றிய மாட்டுக் காது முடி. 'கேமல் ஹேர்' என்று நாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கும் தூரிகையில் ஒட்டக முடி ஒரு இழைகூட இராது. அணில், ஆடு, மட்டக்குதிரை என்று கிடைத்ததெல்லாம் அதில் இருக்கும். ஆகவே இந்தத் தொழிலில் பெயரை மட்டும் நம்பி வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குவது போலத்தான்.

நாம் தினமும் விற்கும் பென்சில் என்ற சொல்லே தூரிகையிலிருந்து வந்ததுதான். லத்தீன் மொழியில் சிறு வால் என்று பொருள்படும் சொல் அதன் மூலம். முன்பு ஐரோப்பாவில் நுண்தூரிகைக்கே பென்சில் என்று பெயர் இருந்தது. இங்கிலாந்து ராணி முதலாம் எலிசபெத்தின் உருவத்தை உள்ளங்கையில் அடங்கும் அளவில் வரைந்த நிக்கோலஸ் ஹில்லியார்டு காலத்து ஓவியர்கள், இறகுத் தண்டில் செருகிய அணில் முடியால் வேலை செய்தார்கள். நம் நாட்டில் முகலாய, ராஜஸ்தானி நுண்ணோவியர்களும் அணில் வால் முடியைப் புறா இறகுத் தண்டில் கட்டித் தாமே தூரிகை செய்துகொண்டார்கள். கடையில் வாங்கும் சேபிள் தூரிகை பின்னால் வந்தது.

அப்படி வந்தவற்றில் பெயர் பெற்றது லண்டன் வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனத்தின் ஏழாம் வரிசை. 1832-இல் தொடங்கிய இந்த நிறுவனம் தன் வரலாறாகச் சொல்வது இது: 1866-இல் விக்டோரியா மகாராணி தமக்கு மிகச் சிறந்த நீர்வண்ணத் தூரிகை செய்யச் சொன்னார். அவருக்குப் பிடித்த அளவு ஏழு. அதனால் அந்த வரிசைக்கே ஏழு என்ற பெயர் நிலைத்தது. பிரான்சின் ரஃபேல், ஜெர்மனியில் நியூரம்பெர்க் நகரத்தின் டாவின்சி, ஸ்பெயினில் பார்சிலோனாவின் எஸ்கோடா ஆகியவையும் ஓவியர்கள் பெயர் சொல்லிக் கேட்பவை. நம் கடைக்கு வருபவர் இந்தப் பெயர்களைச் சொன்னால் 'அது என்ன?' என்று விழிக்காமல் இருப்பதே முதல் மரியாதை.

முடியில் என்ன இருக்கிறது?

கோலின்ஸ்கிக்கு இவ்வளவு விலை ஏன்? அந்த முடியின் அமைப்புதான் காரணம். ஒவ்வொரு முடியும் அடியில் மெலிந்து, நடுவில் பருத்து, நுனியில் ஊசியாக முடியும். இப்படிப்பட்ட முடிகளைச் சேர்த்துக் கட்டும்போது தூரிகைக்கு ஒரு வயிறும் ஒரு முனையும் தாமாகவே அமைகின்றன. வயிறு வண்ணத்தைத் தாங்கும், முனை கோட்டை இழுக்கும். முடியின் மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத செதில்கள் நீரைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடும். அழுத்தினால் வளையும், எடுத்தால் நிமிரும். அணில் முடி நீரை நிறையக் குடிக்கும், ஆனால் நிமிராது. நைலான் நிமிரும், ஆனால் வண்ணத்தைத் தாங்காமல் ஒரேயடியாகக் கொட்டிவிடும். இரண்டு குணமும் ஒன்றாக வாய்த்ததுதான் சேபிள்.

செய்யும் முறையிலும் விலை அடங்கியிருக்கிறது. குளிர்காலத்து வால் முடிதான் உயர்ந்தது. அதைத் தரம் பிரித்து, தலைகீழாக நிற்கும் முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நீக்கி, சிறு குழலில் நுனி கீழாக இட்டுத் தட்டி, கைவிரலால் கூம்பாக உருவாக்கி உலோகப் பூணில் இறுக்குகிறார்கள். நுனியைக் கத்தரித்துக் கூர்மை உண்டாக்க முடியாது. கத்தரித்தால் இயற்கை நுனி போய்விடும். நல்ல தூரிகையில் வெளியே தெரியும் முடிக்கு நிகராகப் பூணுக்குள்ளும் முடி இருக்கும். மலிவுச் சரக்கில் உள்ளே பெயரளவுக்குத்தான் இருக்கும். அதனால்தான் அது உதிர்கிறது.

நீளமான முடி கிடைப்பது அரிது. ஆகவே எண் ஏற ஏற விலை பாய்ந்து ஏறும். இதில் நமக்கு ஒரு நன்மை உண்டு. நுண்ணோவியக்காரர் கேட்பது சிறு எண்கள். உயர்ந்த வரிசையிலேயே விலை குறைந்தவை அவைதான். ஆகவே நல்ல சரக்கு வைக்கப் பெரிய முதல் தேவையில்லை.

எந்த எண் கொடுக்க வேண்டும்?

இங்கேதான் கடைக்காரரும் வாடிக்கையாளரும் சேர்ந்து தவறு செய்கிறோம். 'சின்னப் படம், ஆகவே மிகச் சின்ன பிரஷ்' என்று மூன்று பூஜ்ஜியத்தை எடுத்து நீட்டுகிறோம். மூன்று பூஜ்ஜியத்தில் வயிறு கிடையாது. எடுத்த வண்ணம் காகிதத்தைத் தொடுவதற்குள், அதுவும் நம் ஊர் வெயிலில், நுனியிலேயே காய்ந்துவிடும். கோடு பாதியில் நிற்கும்.

நல்ல முனையுள்ள ஒன்றாம் எண் தூரிகை, மட்டமான மூன்று பூஜ்ஜியத்தைவிட மெல்லிய கோடு இழுக்கும், நீண்ட கோடும் இழுக்கும். கோட்டின் மென்மையைத் தீர்மானிப்பது முனைதான். முதன்முதல் வாங்குபவருக்கு ஒன்றோ இரண்டோ எண்ணில் ஒன்று, பூஜ்ஜியத்தில் ஒன்று போதும். முடி குட்டையாக உள்ள 'மினியேச்சர்' வரிசையும் உண்டு. அது கை அடக்கத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் வண்ணம் குறைவாகத்தான் தாங்கும். இரண்டையும் எடுத்துச் சொல்லி, கைப்பழக்கத்துக்கு ஏற்றதை அவரே தேர்ந்துகொள்ள விடவேண்டும். ஒரு கம்பெனியின் ஒன்றும் இன்னொரு கம்பெனியின் ஒன்றும் ஒரே பருமனில் இருக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

கல்லா மேஜையில் ஒரு குவளைத் தண்ணீர்

தூரிகை விற்கும் ஒவ்வொரு கடையிலும் ஒரு குவளைச் சுத்தமான தண்ணீரும் ஒரு வெள்ளைத் துணியும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சோதனைகள் எளியவை.

ஒன்று: புதுத் தூரிகை பசையால் விறைத்திருக்கும். அந்த நிலையில் எல்லாத் தூரிகையும் ஊசிதான். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. தண்ணீரில் மெல்ல அலசிப் பசையைப் போக்க வேண்டும்.

இரண்டு: நனைத்த தூரிகையை மணிக்கட்டால் ஒரு உதறு உதறுங்கள். முடிகள் தாமாகவே கூடி ஒரே முனையாக நின்றால் நல்ல சரக்கு. இரண்டு முனையாகப் பிரிந்தாலோ ஓரிரு முடி விலகி நின்றாலோ தள்ளிவிடுங்கள்.

மூன்று: ஈரத் தூரிகையை நகத்தின் மேல் மெல்ல அழுத்தி எடுங்கள். வளைந்தபடியே கிடந்தால் அது சேபிள் அல்ல.

நான்கு: வெள்ளைத் துணியில் ஒற்றுங்கள். செம்பழுப்பு நிறம் துணியில் இறங்கினால் சாயம் போட்ட முடி.

ஐந்து: பூணைப் பாருங்கள். பொருத்துக் கோடு இல்லாத ஒரே குழாயாக இருக்கவேண்டும், காம்பில் ஆடக்கூடாது.

ஆறு: மொத்தமாகக் கொள்முதல் செய்யும்போது ஒரு மாதிரித் தூரிகையிலிருந்து சில முடிகளைப் பிடுங்கி நெருப்பில் காட்டுங்கள். முடியானால் பொசுங்கித் தலைமுடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் உதிரும். நைலான் உருகிக் குண்டுமணியாகத் திரளும்.

பெயர் பெற்ற கம்பெனிச் சரக்கிலும் ஒன்றிரண்டு சோடை வரத்தான் செய்யும். கையால் செய்யும் பொருள் அல்லவா? ஆகவே கம்பெனிப் பெயரைப் பார்த்தும் சோதனையை விட்டுவிடக் கூடாது.

சட்டத்தின் பக்கம்

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கீரி முடித் தூரிகை நம் கடைகளில் பலகாலம் சாதாரணமாக விற்றது உண்மை. ஆனால் கீரி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்ட விலங்கு. அதன் முடியாலான தூரிகையை வாங்குவதும் விற்பதும் வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2019 அக்டோபரில் மத்திய வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் நடத்திய சோதனையில், தூரிகைத் தொழிலுக்குப் பேர் போன உத்தரப் பிரதேசத்து ஷேர்கோட் உட்படப் பல ஊர்களில் பல்லாயிரக்கணக்கான தூரிகைகள் பிடிபட்டன, பலர் கைதானார்கள். 'எனக்குத் தெரியாது, ஏஜெண்ட் கொடுத்தார்' என்ற பதில் அங்கே செல்லாது. நுனி கறுத்து, நடுவில் வெளிறிய பட்டை ஓடும் முடியைக் கண்டால் தொடாதீர்கள்.

கோலின்ஸ்கிக்கும் தாள் உண்டு. அந்த வீசல் இமயமலைப் பகுதியிலும் வாழ்வதால், 1989-இல் இந்தியாவின் சார்பில் அது சைட்டிஸ் என்னும் சர்வதேச உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பில் சேர்க்கப்பட்டது. 2013-இல் அமெரிக்காவுக்குள் கோலின்ஸ்கித் தூரிகைகள் வருவதே இந்த ஆவணச் சிக்கலால் தடைப்பட்டது. எனவே இறக்குமதியாளரிடம் பில்லோடு உரிய ஆவணத்தின் நகலையும் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். தர மறுப்பவரிடம் சரக்கு வேண்டாம்.

இன்னொன்று. தெய்வத் திருவுருவம் எழுதும் சிலர், உயிரைக் கொன்று எடுத்த முடியால் எழுத விரும்புவதில்லை. வேறு பலரும் இப்போது அப்படி நினைக்கிறார்கள். அவர்களுக்கு உண்மையைச் சொல்லும் கடமை நமக்கு உண்டு. சேபிளைப் போலவே செய்யப்பட்ட செயற்கை இழைத் தூரிகைகள் இன்று நன்றாகவே வருகின்றன. ஆயுள் குறைவு, முனை சீக்கிரம் கொக்கியாக வளையும், ஆனால் விலையும் குறைவு. பிளாஸ்டிக் வீரர் பொம்மைகளுக்கு அக்ரிலிக் வண்ணம் தீட்டும் இளைஞர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். பூணுக்குள் காய்ந்த அக்ரிலிக் எந்தச் சேபிளையும் கொன்றுவிடும். அவர்களுக்கு முரட்டு வேலைக்குச் செயற்கைத் தூரிகையும், கண், புருவம் போன்ற நுண்வேலைக்கு மட்டும் சேபிளும் கொடுப்பதே நியாயம்.

காப்பதும் சொல்லிக் கொடுப்பதும்

சேபிள் முடி பூச்சிக்கு விருந்து. ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் அரித்துவிடும். மூடிய டப்பாவில் அந்துருண்டை போட்டு வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சோதித்த தூரிகையை விரலால் கூராக்கி, நன்றாக உலர்ந்த பிறகே பிளாஸ்டிக் குழலை மாட்டுங்கள். ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும்.

வாடிக்கையாளருக்கு நான்கே வார்த்தை சொல்லி அனுப்புங்கள்: தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தாதீர்கள், பாதி முடிக்கு மேல் வண்ணத்தில் தோய்க்காதீர்கள், வண்ணம் கலக்கப் பழைய தூரிகையை வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவுங்கள். சுடுநீர் பூணில் உள்ள பசையை இளக்கிவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. தூரிகையின் ஆயுள் பல ஆண்டு கூடும்.

ஆட்சேபங்களும் பதிலும்

'விலை அதிகம், யார் வாங்குவார்?' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபது ரூபாய்த் தூரிகை தினசரி வேலையில் ஒரு மாதம் தாங்குவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு எழுநூற்று இருபது ரூபாய். ஆயிரம் ரூபாய்த் தூரிகை ஒழுங்காகப் பேணினால் இரண்டு ஆண்டாவது உழைக்கும். எது மலிவு? கெட்டுப்போன படத்தின் விலையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

'எல்லோரும் இணையத்தில் வாங்குகிறார்கள், நம்மால் விலையில் போட்டி போட முடியாது' என்பார்கள். உண்மைதான். ஆனால் இணையத்தில் தண்ணீர்க் குவளை கிடையாது. உதறிப் பார்த்து, பத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் வசதி நம் மேஜையில் மட்டுமே உண்டு. அதை நாமே மறுத்து, 'பிரிக்கக் கூடாது, தொடக் கூடாது' என்று அட்டை தொங்கவிட்டால் வாடிக்கையாளர் எதற்காக நம்மிடம் வரவேண்டும்?

'நனைத்துப் பார்த்த தூரிகையை மற்றவர் வாங்குவாரா?' என்பதும் ஒரு கேள்வி. சோதித்து நல்லதென்று தெரிந்த தூரிகையைத்தான் விவரமறிந்தவர் விரும்பி வாங்குகிறார். இது என் அனுபவம்.

நமது சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். தூரிகை எந்த முடியால் ஆனது என்பதைப் பில்லில் எழுதும் வழக்கத்தை உறுப்பினர்கள் மேற்கொள்ள வேண்டும். பில் இல்லாத முடித் தூரிகையை மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைக்காரர்களும் ஒருமித்து மறுக்க வேண்டும். முதல் வாரத்தில் முடி உதிர்ந்தால் மாற்றிக் கொடுப்பது என்று முடிவெடுத்து, அந்த நஷ்டத்தை மொத்த வியாபாரியும் சில்லறைக்காரரும் சமமாக ஏற்க வேண்டும். கடைசி வேண்டுகோள் மொத்த வியாபாரிகளுக்குக் கசக்கலாம். ஆனால் நஷ்டத்தில் பங்கு இருந்தால்தான் கொள்முதலில் கவனம் வரும்.

இன்றும் என் கல்லாப் பெட்டிக்கு அருகில் தண்ணீர்க் குவளை இருக்கிறது. அந்தப் பெரியவர் திரும்ப வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் தொழில் கற்ற ஒரு பெண் வந்து ஒன்றாம் எண் கேட்டாள். குவளையை நகர்த்தி வைத்து, நான்கு தூரிகைகளை எடுத்துப் போட்டு, "நீயே உதறிப் பார்த்து எடும்மா" என்றேன். மூன்றைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்தாள். சரியான ஒன்றைத்தான் எடுத்தாள். பில்லில் 'கோலின்ஸ்கி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.